ஸ்கிரீனிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேனும் (கருவின் பின்கழுத்தில் தேங்கும் நீரின் தடிமனை அளப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் நிலை) இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கத்தான். இதற்குப் பெயர் ஸ்கிரீனிங். நம் வீடுகளில் இதுவும் 'டெஸ்ட்'. பனிக்குட நீரை ஊசியால் எடுத்துக் குரோமோசோமை எண்ணிப் பார்ப்பதும் 'டெஸ்ட்'. முன்னது கணக்குச் சொல்லும், பின்னதுதான் விடை சொல்லும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் சிக்கலே.

10,000 கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 700 பிறப்புகளில் ஒன்று என்று வைத்தால், 14 பேருக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. ஸ்கேனும் ரத்தமும் சேர்ந்த சோதனை அதில் 12 பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே, குறை எதுவும் இல்லாத 500 பேரையும் 'ஹை ரிஸ்க்' என்று சொல்லிவிடும். தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடி டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. இதைவிட எவ்வளவோ துல்லியம். ஆனால் அதுவும் ஸ்கிரீனிங்தான். இருபதுகளில் இருக்கும் பெண்ணுக்கு 'பாசிட்டிவ்' வந்தால்கூட அது தவறாக இருக்கக் கணிசமான வாய்ப்பு உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஸ்கிரீன்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது கணப்பின் வெக்கையை மறைக்கும் தட்டி. பிறகு மண்ணும் நிலக்கரியும் சலிக்கும் பெரிய சல்லடைக்கும் அதே பெயர் ஏற்பட்டது. மருத்துவம் எடுத்துக்கொண்டது சல்லடையை. 'திரையிடல்' என்று எழுதுகிறவர்கள் தட்டிப் பக்கம் போய்விட்டார்கள். அது சினிமாக் கொட்டகை வேலை. 'சலிப்புச் சோதனை' என்றால் படிக்கும்போதே கொட்டாவி வரும். 'வடிகட்டல்' பரவலாகப் புழங்குகிறது, பொருளும் கிட்டத்தட்ட சரி. எனக்கு உறுத்துவது அதுதான். வடிகட்டியில் தங்குவது சக்கை, அதைக் கொட்டிவிடுவோம். யாரும் எதையும் முடிவு செய்யும் முன்பே அந்தச் சொல் முடிவு செய்துவிடுகிறது.

ஸ்கிரீனிங்குக்கு உலக சுகாதார நிறுவனம் 1968-இல் வெளியிட்ட வில்சன், யுங்னர் நெறிகளில் ஒன்று: கண்டுபிடிக்கும் நோய்க்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும். 21-ஆம் குரோமோசோமின் கூடுதல் பிரதியை எடுத்துவிட ஒரு சிகிச்சையும் இல்லை. அப்படியானால் எதற்காகத் தேடுகிறோம்? ஐஸ்லாந்தில் டவுன் சிண்ட்ரோம் என்று உறுதியான முடிவு வந்தவர்களில் ஏறத்தாழ எல்லாருமே கருவைக் கலைத்துவிடுகிறார்கள். இது பெண்ணின் விருப்பமா, சமூகம் தள்ளுகிற திசையா என்ற மாற்றுத்திறனாளிகளின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அதற்காகச் சோதனையே கூடாது என்பதும் சரியில்லை. இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. முன்பே தெரிந்தால் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்க்கலாம். குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்ணுக்கும் அவள் காரணங்கள் உண்டு. வளர்க்கப் போவது அவள்தானே, பக்கத்து வீட்டு மாமி இல்லையே.

அதனால் நான் எழுதுவது 'வாய்ப்பறி சோதனை'. ஊசி போட்டுச் செய்வது 'உறுதிச் சோதனை'. 'ஹை ரிஸ்க்' என்பதை 'அதிக அபாயம்' என்று பெயர்க்காமல் 'கூடுதல் வாய்ப்பு' என்றே சொல்லலாம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் இப்போது அபாயத்தை விட்டு வாய்ப்பு என்றுதான் எழுதுகிறது. அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வாய்ப்பறி சோதனையில் 150-இல் 1 என்று வந்திருக்கிறதும்மா. 150-இல் 149 பேருக்கு இல்லை என்பதும் இதே கணக்குதான். உறுதிச் சோதனையில் கரு கலைய 200-இல் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு இருக்கிறது. செய்வதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் சரிதான்."