சேறு காத்த பட்டு

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மையத்தில் இருந்த மேம்பாலச் சாலைக்குப் பதிலாகப் பூமிக்கடியில் சுரங்கச் சாலை போட 1990களில் தோண்டினார்கள். அந்த நாட்டில் 1966-இல் வந்த ஒரு சட்டப்படி, மத்திய அரசின் பணத்தில் நடக்கும் வேலை என்றால், அங்கே பழைய தடயம் உண்டா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அதனால் இயந்திரங்களுக்கு முன்பே தொல்லியலாளர்கள் இறங்கினார்கள்.

கிராஸ் தெருவருகே அகப்பட்டது ஒரு கழிப்பறைக் குழி. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேத்தரின் நானி நேய்லர் என்ற பெண்ணின் வீட்டுக் குழி அது. உள்ளே பட்டுத் துணித் துண்டுகள், தோல் காலணிகள், பழக்கொட்டைகள், உருட்டி விளையாடும் ஒரு மரப்பந்து! எனக்கு இதில் பெரிய அதிசயம் பந்து அல்ல, பட்டுதான். ஒரு சேலையை மண்ணில் புதைத்துவிட்டுச் சில வருஷம் கழித்துத் தோண்டினால் என்ன மிஞ்சும்?

துணியையும் மரத்தையும் மக்க வைப்பவை பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும். அவற்றில் வேகமாக வேலை செய்பவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் அது தேங்கிய நீரில் பரவும். ஈரம் வற்றாத சேற்றில் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் நுண்ணுயிர்களே தீர்த்துவிடுகின்றன. அப்புறம் மக்குவது கிட்டத்தட்ட நின்றுபோகிறது.

ஆபத்து வெளியே எடுத்த பிறகுதான். நெடுங்காலம் நீரில் ஊறிய மரத்தின் செல் சுவர்கள் பலம் இழந்திருக்கும். உள்ளே நிறைந்த தண்ணீர்தான் அதன் உருவத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த நீர் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை சுவர்களை உள்நோக்கி இழுக்கும். வெயிலில் போட்ட மோர் மிளகாய் போல மரம் சுருங்கி வெடித்துவிடும், அதை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. அதனால் எடுத்த கையோடு தண்ணீரிலேயே போட்டு வைப்பார்கள். பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவிட்டால், நீர் இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

சேற்றையும் கொட்டிவிட மாட்டார்கள். நீரில் கரைத்து, நுண்ணிய சல்லடையில் பொறுமையாக அரித்தெடுப்பார்கள். கேத்தரின் 1671-இல் கணவரிடம் விவாகரத்துப் பெற்ற செய்தி நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. அந்த வீட்டில் பிளம்மும் செர்ரியும் தின்றார்கள் என்பது குழியில் கிடைத்த கொட்டைகளிலிருந்து தெரிந்தது.