பணம் கட்டும் பக்கத்தில் எக்ஸ்டென்ஷனுக்கு என்ன வேலை?

"பூட்டுப் படம் இருந்துச்சே சார்! அதைப் பார்த்துட்டுத்தானே கார்டு நம்பரைப் போட்டேன்?"

சிறு நிறுவனங்களுக்கும் வீடுகளுக்கும் கணினிப் பாதுகாப்பு பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கடைசியாகக் கேட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. பேத்திக்குப் பட்டுப்பாவாடை வாங்கியிருக்கிறார். அடுத்த வாரம், ஓடிபி எதுவும் வராமலேயே, வெளிநாட்டுத் தளம் ஒன்றில் அவர் கார்டிலிருந்து பணம் போயிருக்கிறது. அவருடைய பிரவுசரைத் திறந்தேன். கூப்பன் தேட ஒன்று, விலை ஒப்பிட ஒன்று, பிடிஎஃப் மாற்ற ஒன்று, விளம்பரத்தைத் தடுக்க மட்டும் மூன்று என்று வரிசையாக எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதல் வேலைக்காகச் சேர்க்கும் சிறு நிரல்கள். அவற்றில் ஒன்று, அவர் தட்டியதையெல்லாம் அப்படியே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. எதை எப்போது போட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பையன் போட்டுக் கொடுத்ததாம்.

முதலில், பிரவுசரில் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் இந்தப் பூட்டு விஷயத்தைப் பேசிவிடுவோம். உங்கள் பிரவுசரிலிருந்து கடையின் சர்வருக்குப் போகும் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. பூட்டுக்கு அவ்வளவுதான் பொருள். கடை நல்ல கடை என்று அது சொல்லவில்லை. உங்கள் கணினி சுத்தமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. நீங்கள் கார்டு எண்ணைத் தட்டும்போது அது இன்னும் வழியிலேயே இறங்கவில்லை. உங்கள் திரையில், திறந்த எழுத்தாக நிற்கிறது. எக்ஸ்டென்ஷன் இருப்பதும் அங்கேதான். வாசற்கதவை இறுக்கப் பூட்டிவிட்டு, திருடனைக் கூடத்தில் பாய் போட்டு உட்கார வைத்திருந்தால் பூட்டு என்ன செய்யும்? 2021-இல் கூகுள் நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் பூட்டுப் படத்தின் சரியான பொருள் தெரிந்திருந்தது. 2023 செப்டம்பரில் குரோமின் முகவரிப் பட்டையிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டார்கள். பலருடைய மனதிலிருந்துதான் அது இன்னும் போகவில்லை.

எக்ஸ்டென்ஷனை நிறுவும்போது பிரவுசர் ஒரு வரி காட்டும்: நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் இது படிக்கலாம், மாற்றலாம். அது சட்டத்துக்காகப் போட்ட வரி என்று நினைத்துச் சரி கொடுத்துவிடுகிறோம். அந்த வரி சொல்வது அத்தனையும் உண்மை. படிக்கலாம் என்றால் உங்கள் வங்கிப் பக்கத்தையும் படிக்கலாம். மாற்றலாம் என்றால் திரையில் தெரியும் விலையையும், அழுத்தும் பொத்தானையும்கூட மாற்றலாம்.

"கூகுளோட ஸ்டோர்லதானே எடுத்தேன்?" என்பது அடுத்த கேள்வி. 2017-இல் அதே ஸ்டோரில், விளம்பரம் தடுக்கும் ஆட்பிளாக் பிளஸ் என்ற எக்ஸ்டென்ஷனின் பெயரில் ஒரு போலி இருந்தது. 37,000 பேர் நிறுவிய பிறகுதான் நீக்கினார்கள். 2019-இல் ஆட்பிளாக், யுபிளாக் என்ற பெயர்களில் 2 எக்ஸ்டென்ஷன்கள், மொத்தம் 16 லட்சம் பயனர்களோடு, நீங்கள் வாங்கும் பொருளுக்குத் திருட்டுத்தனமாகக் கமிஷன் எடுத்தன. விளம்பரத்தையும் தடுத்தன என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

போலி மட்டும்தான் ஆபத்து என்றில்லை. நானோ ஆட்பிளாக்கர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷன். 2020 அக்டோபரில் அதை எழுதியவர் வேறு ஆட்களுக்கு விற்றார். அடுத்த அப்டேட்டிலேயே அது பயனர்களின் தரவை அனுப்பத் தொடங்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மோசடி மின்னஞ்சலில் ஏமாந்தார். கிறிஸ்துமஸ் நேரத்தில் அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனிலேயே திருட்டு நிரல் ஏறிப் பயனர்களுக்குப் போய்விட்டது. அப்டேட் தானாக நிறுவப்படும், உங்களைக் கேட்காது. மூன்று வருடம் முன்பு நல்லதாக இருந்தது இன்றும் நல்லது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இதைச் சொன்னதும் சிலர் எல்லாவற்றையும் நீக்கிவிடக் கிளம்புகிறார்கள். வேண்டாம். நல்ல ஆட் பிளாக்கர், அதாவது விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன், ஒன்று அவசியம். தேடல் முடிவுகளின் மேலே வரும் விளம்பரங்களில் பிரபல நிறுவனங்களின் போலித் தளங்கள் வருகின்றன. தேடும்போது ஆட் பிளாக்கர் போட்டுக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ-யே 2022 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. ஒன்று போதும். நான் போட்டுக் கொடுப்பது ரேமண்ட் ஹில் எழுதிய யுபிளாக் ஆரிஜின். ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக வேலை செய்கிறது. குரோமில் 'லைட்' என்ற அதன் சுருக்கமான வடிவம்தான் இப்போது ஓடும். 'ஆரிஜின்' என்ற சொல் இல்லாமல் வெறும் யுபிளாக் என்றிருந்தால் அது வேறு ஆளுடையது. யுபிளாக் ஆரிஜின் காசு கேட்காது, நன்கொடையும் வாங்காது. பெயரைத் தேடலில் அடித்து முதலில் வருவதை நிறுவாதீர்கள்.

கூப்பன் எக்ஸ்டென்ஷனை இன்றே நீக்குங்கள். ஐம்பது ரூபாய் தள்ளுபடிக்காக, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் முகம் தெரியாத ஒருவர் பார்க்க விடுகிறீர்கள்.

பணம் கட்டும்போது இன்காக்னிட்டோ சாளரத்தில், அதாவது பிரவுசர் மெனுவிலிருந்து தனியாகத் திறக்கும் மறைநிலைச் சாளரத்தில், கட்டுங்கள். நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. கொடுத்திருக்கிறீர்களா என்று அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு. கடைப் பக்கத்திலிருந்து வங்கியின் ஓடிபி பக்கத்துக்குத் தாவும் இடத்தில்தான் ஆட் பிளாக்கர்கள் அடிக்கடி குறுக்கே விழுந்து, திரை வெள்ளையாக நின்றுவிடும். எக்ஸ்டென்ஷன் இல்லாத சாளரத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அப்படி நின்றுவிட்டால் தயவுசெய்து மறுபடி மறுபடி பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் வங்கியின் எஸ்எம்எஸ்ஸையும் கடையின் ஆர்டர் பக்கத்தையும் பாருங்கள். பணம் போய் ஆர்டர் பதிவாகவில்லை என்றால், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி அழைக்கவே அழைக்காதீர்கள். அந்த எண்ணில் எடுப்பவர் திருடனாக இருந்து, மிச்சப் பணத்தையும் இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். எண் வேண்டுமென்றால் கார்டின் பின்பக்கம் பாருங்கள்.

வெளிநாட்டில் செலவு இல்லாதவர்கள், வங்கிச் செயலியில் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். அந்த ஆசிரியையின் கார்டில், மகனைப் பார்க்கப் போனபோது திறந்தது, திறந்தபடியே கிடந்தது.

நீங்கள் செய்யாத செலவுக்கு எஸ்எம்எஸ் வந்தால், அந்த நிமிடமே வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். பிறகு சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் தவறில்லாமல் வேறொருவர் செய்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி போட்டது. பிள்ளைகள் திட்டுவார்களோ என்று மறைத்து மறைத்து அந்த மூன்று நாளைத் தொலைப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் தாங்கவில்லை.

பிள்ளைகளுக்கும் ஒன்று. ஊருக்குப் போனால் அம்மா அப்பாவின் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறங்கள். உங்களுக்கே என்னவென்று தெரியாததை நீக்குங்கள். மிஞ்சியவற்றில் ஆட் பிளாக்கரைத் தவிர மற்றதையெல்லாம், கிளிக் செய்தால் மட்டும் தளத்தைப் படிக்கும்படி மாற்றிவிட்டு, இன்காக்னிட்டோவை எப்படித் திறப்பது என்று அவர்கள் கையாலேயே இரண்டு முறை செய்ய வைத்துவிட்டு வாருங்கள்.