காப்பியோடு முடிவதில்லை

பிலிம் கழுவும் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கையில் புண், கீறல் ஏதாவது இருக்கிறதா? மூச்சிரைப்பு உண்டா?" என்றுதான். சோதனை சினிமா பற்றிப் பேச ஆவலோடு வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். இருக்கட்டும், சினிமாவை அப்புறம் பேசலாம்.

இப்போது பல பட்டறைகள் காப்பியில்தான் தொடங்குகின்றன. இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மூன்றையும் தண்ணீரில் கலந்தால் கறுப்பு வெள்ளை பிலிமுக்கு நல்ல டெவலப்பர், அதாவது பிம்பத்தை வரவழைக்கும் கரைசல், கிடைக்கும். கேஃபனால் என்பார்கள். 1995-இல் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸின் வகுப்பில் பிறந்த முறை. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் நல்ல முறைதான். ஆனால் காப்பி என்றதுமே எல்லாருக்கும் பயம் விட்டுப்போகிறது. கையுறையைக் கழற்றுகிறார்கள், குடிக்கிற டம்ளரை அதே மேசையில் வைக்கிறார்கள். சலவை சோடா காரம், கண்ணில் தெறித்தால் சும்மா விடாது. தவிர, காப்பி பிம்பத்தை வரவழைக்கும், அவ்வளவுதான். அதை நிலைக்கவைக்க ஹைப்போ வேண்டும். உப்புக் கரைசலில் முயல்கிறவர்கள் உண்டு, மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

ஹைப்போவைப் புதிதாகக் கரைக்கும்போது பெரிய ஆபத்தில்லை. பயன்படுத்திய பிறகுதான் சங்கதி. பிலிமில் மிஞ்சிய வெள்ளி உப்பெல்லாம் அதில் கரைந்து வந்துவிடும். அதை அப்படியே தொட்டியில் ஊற்றினால் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நுண்ணுயிர்களுக்கே கேடு. நான் கேனில் சேர்த்துவைத்து, எக்ஸ்ரே கழிவிலிருந்து வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

சோதனை சினிமாக்காரர்களுக்கு பிலிமைக் கெடுப்பதும் கலைதான். சுரண்டுவார்கள், மை தடவுவார்கள், வீட்டு ப்ளீச்சைச் சொட்டுவிட்டு, பிம்பத்தைத் தாங்கும் மேற்பூச்சான எமல்ஷனை உரிப்பார்கள். திரையில் அது தரும் அழகு எனக்கும் பிடிக்கும். ஒருமுறை அந்த ப்ளீச் கிண்ணம், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் வைத்திருந்த தட்டில் கவிழ்ந்துவிட்டது. ஸ்டாப் பாத்தில் இருந்தது வினிகர். வினிகரும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின். கொஞ்சம்தான், ஆனால் சன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்த சின்ன அறை அது. பதினோரு பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். தப்பு என்னுடையது, இரண்டையும் ஒரே அறையில் வைத்திருக்கவே கூடாது. அன்றிலிருந்து ப்ளீச் வேலைக்கு வேறு நாள், திறந்த வெளி. வாளியில் கழுவுவதையும் விட்டுவிட்டேன். ஒளி புகாத டாங்க் என்றால் பிலிமைச் சுற்றி மூடும்வரைதான் இருட்டு வேண்டும். பிறகு விளக்கைப் போட்டு, சன்னலைத் திறந்துவிடலாம்.

சூப்பர் 8 என்ற சின்ன அளவு பிலிமில் படம் எடுப்பவர்கள் ரிவர்சல் கேட்பார்கள், அதாவது அதே பிலிமிலேயே நேரடியாக பாசிட்டிவ் வரவேண்டும். 15 மீட்டர் சுருள், நொடிக்கு 18 படம் என்றால் 3 நிமிடம் 20 நொடி; கழுவி அன்றைக்கே புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசை நியாயமானது. ஆனால் நடுவில் நெகட்டிவ் வெள்ளியைக் கரைத்தெடுக்க ஒரு ப்ளீச் வேண்டும், வீட்டு ப்ளீச் இல்லை, வேறு வகை. பழைய குறிப்புகளில் அது பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும். அந்தக் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. அதனால் வரும் தோல் ஒவ்வாமையும் லேசில் விட்டுப்போகாது. பொதுப் பட்டறையில் அதற்கு இடமே இல்லை என்பது என் முடிவு. பெர்மாங்கனேட் பரவாயில்லை, ஆனால் அதற்கும் அமிலம் சேர்க்கவேண்டும், எமல்ஷனும் கொழகொழத்துவிடும். முதல்முறை வருகிறவர்களுக்கு நெகட்டிவ் போதும். ஸ்கேன் செய்து கணினியில் பாசிட்டிவ் ஆக்கிக்கொள்ளலாம்.

கையுறை பற்றி நான் நச்சரிப்பதற்குக் காரணம் என் விரல்கள். கடையில் கிடைக்கும் டி-76 போன்ற டெவலப்பர்களில் மெட்டால் என்ற ரசாயனம் இருக்கிறது. பல வருடம் வெறுங்கையால் அளாவினேன், ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று ஒரு நாள் விரலிடுக்கில் அரிப்பு, அப்புறம் தோல் வெடிப்பு. ஒவ்வாமை பிடித்துவிட்டது என்றார் மருத்துவர். மெட்டால் இல்லாத டெவலப்பர்தான் இப்போது எனக்கு ஒத்துவருகிறது. காப்பி நாற்றத்தைச் சகித்துக்கொள்வது அதனாலும்தான்.