காதுக்கு ஆபரேஷன் என்றால் ஸ்கேன் எதற்கு?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த அந்த அக்காவுக்கு இடது காதில் பல வருடமாகச் சீழ். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் ஊற்றிப் பார்த்தாயிற்று, நாற்றம் போகவில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததுமே தெரிந்தது, கொலஸ்டியாட்டோமா. செவிப்பறை உள்வாங்கிப் பைபோல் ஆகி, அதில் தோல் செதில்கள் சேர்ந்து, சுற்றியிருக்கும் எலும்பை அரிக்கும் நோய் அது. ஆபரேஷன்தான் வழி. முதலில் சிடி ஸ்கேன் என்றேன்.

"உள்ளேதான் பாத்துட்டீங்களே தம்பி, ஸ்கேன் எதுக்கு?"

நான் பார்த்தது வாசலை மட்டும். டிரில் வைத்துக் குடையப்போவது அதற்குப் பின்னால் இருக்கும் எலும்பை. அங்கே மேலே மூளை, பின்பக்கம் பெரிய ரத்தக்குழாய், நடுவே முகத்தை அசைக்கும் நரம்பு. ஆளுக்கு ஆள் இந்த அமைப்பு மாறும். அதனால்தான் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் படம் எடுக்கச் சொல்கிறோம். இந்த ஸ்கேனுக்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் நம் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மக். 1979-இல் நோபல் பரிசு பெற்றார்.

படம் வந்தது. ஒலியைக் கடத்தும் குட்டி எலும்புகளில் ஒன்றான பட்டடை எலும்பு பாதி கரைந்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். உடல் தள்ளாடாமல் காக்கும், உள்காதின் அரைவட்டக் குழாய்மேல் எலும்பு மூடியாக ஓடவேண்டிய மெல்லிய வெள்ளைக் கோடு ஓரிடத்தில் அறுந்திருந்ததைப் பார்த்ததும்தான் திக்கென்றது. "காதை அழுத்தினா தலை சுத்துமாக்கா?" "சுத்தும். பிரஷர்னு நினைச்சேன்."

தெரியாமல் அந்த இடத்தில் பையை இழுத்திருந்தால் மிச்சமிருந்த கேட்கும் திறனும் போயிருக்கலாம். அதைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்து, மெல்ல உரித்த கையோடு தசை உறையால் மூடினேன்.

சிடி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நோய்ப்பை, சீழ், வீக்கம் மூன்றுமே அதில் ஒரே சாம்பல் நிறம். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ தேவைப்படும். காசநோய் காதிலும் வரும், அதைப் படத்தை வைத்து மட்டும் உறுதிசெய்ய முடியாது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். செவிப்பறையில் வெறும் ஓட்டை என்றால் பெரும்பாலும் ஸ்கேனே வேண்டாம்.

அப்புறம், முன்பு காதில் ஆபரேஷன் நடந்திருந்தால் பழைய படங்களையும் கொண்டுவாருங்கள். கருவுற்றிருக்கலாம் என்றால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், "என் படத்தைக் காட்டுங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.