ஒரு சாண் தூரத்தில் காக்பிட்: மாதிரி போர் விமானம் கட்டுவோர் கவனத்திற்கு

பாடாங் செராயிலிருந்து பட்டர்வொர்த் விமானத் தளம் அதிக தூரமில்லை. அரச மலேசிய விமானப் படையின் எஃப்/ஏ-18டி ஹார்னெட் போர் விமானங்கள் அங்கிருந்துதான் ஏறுகின்றன. தலைக்கு மேல் அந்தச் சத்தத்தைக் கேட்டே வளரும் எஸ்டேட் பிள்ளைகள் மாடல் கட்ட ஆசைப்பட்டால் முதலில் கேட்பது ஹார்னெட்தான். கிட்டை வாங்கி, பிளாஸ்டிக் பசையால் ஒட்டி, கையால் வர்ணம் பூசுவது வரை பெரிய கவலை இல்லை. விமானி உட்காரும் காக்பிட்டை நிஜம் போலச் செய்ய வேண்டும் என்று இறங்கும்போதுதான் ரெசின், சூப்பர் க்ளூ, லாக்கர் தின்னர், ஈயக் குண்டு என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்து சேர்கின்றன.

காக்பிட் வேலைக்கு என்று ஒரு தனிக் குணம் உண்டு. 1/48 அளவில் நிஜ விமானத்தின் ஒரு சென்டிமீட்டர், மாடலில் 0.2 மில்லிமீட்டர். 45 மி.மீ. அகலமுள்ள இருக்கை வார் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். 75 மி.மீ. விட்டமுள்ள அளவுமானியின் முகப்பு 1.6 மி.மீ. ஆகிவிடும். வெறுங்கண்ணால் இது முடியாது. தலையில் மாட்டும் உருப்பெருக்கி வேண்டும். 2.5 மடங்கு காட்டும் லென்ஸ் ஏறத்தாழ 20 செ.மீ. தூரத்தில்தான் தெளிவாகக் காட்டும். ஒரு சாண் தூரம், அவ்வளவுதான். இறக்கையைக் கை நீட்டித் தேய்க்கலாம், தள்ளி வைத்து ஸ்பிரே செய்யலாம். காக்பிட்டில் கிளம்பும் தூசியும் ஆவியும் நேராக மூக்கைத் தேடி வரும். அதனால்தான் காக்பிட் கட்டும் முறையையும் உடம்பைக் காக்கும் முறையையும் இங்கே சேர்த்தே எழுதுகிறோம்.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். 1997இல் மலேசியாவுக்கு வந்து சேர்ந்த எட்டு ஹார்னெட்டுகளும் இரண்டு இருக்கை உள்ள டி வகை. கடையில் அதிகம் கிடைப்பது ஒற்றை இருக்கை சி வகை. மலேசிய அடையாளங்களை ஒட்டும் எண்ணம் இருந்தால் பெட்டியில் ‘டி’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். டி வகையின் பின் இருக்கையும் எல்லா நாட்டு விமானங்களிலும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் பின்னாலும் ஓட்டுகோல் இருக்கும், சிலவற்றில் அதற்குப் பதிலாகப் பக்க மேடைகளில் கைப்பிடிக் கருவிகள் இருக்கும். கட்டப்போகும் விமானத்தின் படத்தைப் பார்க்காமல் பின் காக்பிட்டில் பசை தொடாதீர்கள்.

ரெசின்

கிட்டின் பிளாஸ்டிக் காக்பிட்டுக்குப் பதிலாக வைக்கத் தனியாக விற்கும் ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைத்த செயற்கைப் பிசின்) காக்பிட்டை வாங்கியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பழைய பல்துலக்கியால் எல்லா மூலையும் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய வழுவழுப்பு அதில் ஒட்டியிருக்கும். அது போகாவிட்டால், பூசிய வர்ணம் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வந்துவிடும்.

அடுத்தது ரெசினை ஊற்றிய பக்கத்தில் நிற்கும் தடித்த கட்டையை அறுத்து எடுப்பது. காக்பிட் வேலையில் மிக அதிகத் தூசி கிளம்பும் இடம் இதுதான். பாலியூரித்தேன் ரெசின் தூசி மாவு போல நுண்மையானது, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து, ரம்பத்தையும் ரெசினையும் அடிக்கடி நனைத்து அறுங்கள். 400ஆம் எண் தண்ணீர் உப்புத்தாளால் ஈரத்தோடே தேயுங்கள். தூசி சேறாகி மேசையில் தங்கிவிடும். அந்தச் சேறு காயும் முன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் காய்ந்து மறுபடி தூசியாகிவிடும், விசிறி போட்டதும் வீடு முழுக்கப் பறக்கும். ஈரமாகத் தேய்த்தாலும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சைக் கவசத்தில் கன்னத்து இடைவெளி வழியே தூசி புகுந்துவிடும்.

வீட்டில் ரெசின் 3டி பிரிண்டர் வைத்து இருக்கையும் கைப்பிடியும் தாங்களே அச்சிடும் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புற ஊதா ஒளியில் இறுகாத திரவ ரெசின், தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். முதல் சில முறை ஒன்றும் தெரியாது. ஒவ்வாமை வந்தபின் ஒரு துளி பட்டாலும் தோல் தடித்துச் சிவக்கும், அது போகாமலும் இருக்கலாம். நைட்ரைல் கையுறை கட்டாயம். முழுக்க இறுகாத பொருளை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது.

இனிப் பொருத்தம். காக்பிட்டின் தரையும் பக்கச் சுவர்களும் சேர்ந்த பாகத்தைத் தொட்டி என்கிறோம். ரெசின் தொட்டி கிட்டின் தொட்டியைவிட அகலமாகவே வரும். விமான உடலின் உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்க வேண்டும். விளக்கை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஊடே வெளிச்சம் கசியத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள். தொட்டிக்கு அடியில் முன் சக்கரக் குழியின் கூரை இருப்பதால் தொட்டியின் அடிப்பகுதியும் மெலிய வேண்டும். எதையும் ஒட்டாமல் டேப் போட்டு மூடி மூன்று இடத்தைப் பாருங்கள்: அளவுமானிப் பலகையின் மேல் மூடி முன் கண்ணாடியில் இடிக்கிறதா, உடலின் இரு பாதியும் காக்பிட் விளிம்பில் சேர்கிறதா, இருக்கையை வைத்தபின் மேல் கண்ணாடி மூடுகிறதா. மூன்றாவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இருக்கையின் அடிக்கட்டை அரை மில்லிமீட்டர் தடிப்பாக நின்றுபோனாலும் அதன் உச்சியிலுள்ள தலைப்பெட்டி கண்ணாடியில் முட்டும். வர்ணம் எல்லாம் முடிந்தபின் இது தெரியவந்தால் இருக்கையைப் பாழாக்காமல் சரிசெய்ய வழியே இல்லை.

மாடல் பின்னால் சாயாமலிருக்க விமான மூக்கில் பாரம் வைக்கச் சொல்லும் கிட் என்றால், உடலை மூடும் முன்பே காக்பிட்டுக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். இங்கே பலரும் எடுப்பது தூண்டில் கடை ஈயக் குண்டு. அதை வெள்ளைப் பசையில் குழைத்து மூக்கில் அடைப்பது பெரிய தவறு. வெள்ளைப் பசையோடு மூடிய இடத்தில் கிடக்கும் ஈயம் மெல்ல வெண்பொடியாக மாறி ஊதிப் பெருகும். ஓரிரு வருடத்தில் மூக்கின் ஒட்டுத் தையல் பிளந்து நிற்கும். எபாக்ஸியில் பதியுங்கள். அதைவிட நல்லது, ஈயத்தை விட்டுவிட்டுச் சிறிய இரும்பு நட்டுகளையோ பேரிங் குண்டுகளையோ வைப்பது. ஈயத்தைத் தொட்ட கையால் சாப்பிடக் கூடாது, அதை வெட்டவோ அராவவோ பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. ஈயத் தகட்டை நறுக்கி இருக்கை வார் செய்வது பழைய முறை. மாஸ்கிங் டேப்பை 0.9 மி.மீ. பட்டையாகக் கீறினால் அதே மடிப்பு அழகாக வரும்.

வர்ணமும் ஆவியும்

ஹார்னெட்டின் காக்பிட் உட்புறம், அமெரிக்க அரசின் வர்ணத் தரப்பட்டியலில் எஃப்எஸ் 36231 என்னும் கருஞ்சாம்பல். மிஸ்டர் கலர் நிறுவன வர்ணத்தில் 317ஆம் எண் அதற்கென்றே வருவது. பலகைகளும் பக்க மேடைகளின் முகப்புகளும் கறுப்பு. ஆனால் சுத்தக் கறுப்பைப் பூசாதீர்கள். சிறிய அளவில் அது வெறும் குழியாகத் தெரியும், சுவிட்சுகளின் நிழல் அதில் காணாமல் போகும். டாமியா எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக் போன்ற வெளிறிய கறுப்பே பொருந்தும். அது காய்ந்தபின் வெளிர்சாம்பலைத் தூரிகையில் தொட்டு, காகிதத்தில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, சுவிட்சுகளின் தலையில் மட்டும் இழுத்தால் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். திரைகளைப் பச்சை எழுத்தோடு எரிய விடுவது எங்களுக்கு ஒப்பாத காரியம். மின்சாரம் இல்லாமல் தரையில் நிற்கும் விமானத்தில் திரை பளபளக்கும் கருமையாகத்தான் இருக்கும். கறுப்பின் மேல் டாமியாவின் பளபளப்பான நிறமற்ற பூச்சான எக்ஸ்-22 கிளியர் ஒரு துளி விட்டால் போதும்.

ஏர்பிரஷால் ஸ்பிரே செய்ய 15 முதல் 18 பிஎஸ்ஐ அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் தூரம், மெல்லிய பூச்சுகள். மழைக்காலச் சாயங்காலத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது அது. மெதுவாக உலரச் செய்யும் லெவலிங் தின்னர் கலந்தால் பெரும்பாலும் தீரும். கம்ப்ரெஸர் குழாயில் ஈரம் பிடிக்கும் கிண்ணமும் இருக்க வேண்டும்.

இனி ஆவி. ஹார்ட்வேர் கடையில் டின்னில் விற்கும் லாக்கர் தின்னரில் பொதுவாக டொலுயீன், சைலீன் போன்றவை இருக்கும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்தால் ‘வாசனை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. மூளையும் நரம்பும் பாதிக்கப்படத் தொடங்கியதன் அடையாளம் அது. துணிக்கவசமும் சரி, என்95-உம் சரி, ஆவியைத் துளியும் தடுக்காது. தேவைப்படுவது கரிமக் கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக ரெஸ்பிரேட்டர். அந்த கார்ட்ரிட்ஜுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் முறையில் கறுப்புப் பட்டை, ஐரோப்பிய முறையில் பழுப்புப் பட்டை இருக்கும். ஸ்பிரேயில் ஆவியோடு வர்ணத் துளிகளும் வருவதால் அதன் முன்னே தூசி வடிகட்டியும் வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது. உள்ளே இருக்கும் கரி நம் ஊர் ஈரக்காற்றிலேயே சக்தி இழக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடுங்கள். போட்டிருக்கும்போதே தின்னர் வாடை வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்துவிட்டது என்று பொருள். ‘அக்ரிலிக்’ என்று எழுதியிருப்பதால் கவசம் வேண்டாம் என்பதும் தவறு. டாமியா அக்ரிலிக்கிலும் ஆல்கஹால் இருக்கிறது, அதையும் பலர் லாக்கர் தின்னர் கலந்தே அடிக்கிறார்கள்.

லயத்து வீடோ தாமான் வீடோ, ஹாலும் சமையற்கட்டும் சாமி மேடையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். எரியும் காமாட்சி விளக்கோ சாம்பிராணித் தணலோ கேஸ் அடுப்போ கொசுவர்த்தியோ அதைப் பற்ற வைக்கப் போதும். விளக்கேற்றும் நேரத்தில் ஸ்பிரே செய்யாதீர்கள். பின்கட்டு ஜன்னலருகே உட்கார்ந்து, காற்று முதுகுப் பக்கம் வந்து ஜன்னல் வழியே வெளியேறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கூரை விசிறி ஆவியை வெளியேற்றாது, வீடு முழுக்கப் பரப்பிவிடும். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் ஆஸ்துமா உள்ளவரும் இருக்கும் வீட்டில் லாக்கரே வேண்டாம். தண்ணீரில் கரையும் வர்ணத்தைத் தூரிகையால் பூசியே அருமையான காக்பிட் செய்யலாம்.

மூலைகளில் அழுக்கு காட்ட எண்ணெய் வர்ணத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து ஓடவிடும் முன், எக்ஸ்-22 பூசி ஓர் இரவு காயவிடுங்கள். வர்ணம் படாத, வளைத்து இழுத்து ஒட்டிய பிளாஸ்டிக்கில் அந்தத் திரவம் ஊறினால் பிளந்துவிடும்.

சூப்பர் க்ளூ

ரெசினும், நுண்ணிய பாகங்களாகச் செதுக்கி விற்கும் பித்தளைத் தகடும் பிளாஸ்டிக் பசையில் ஒட்டாது. சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸி வேண்டும். ஊசி முனையில் தொட்டு வையுங்கள், குப்பியிலிருந்து நேராக விடாதீர்கள். சூப்பர் க்ளூவின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடி மேல் வெள்ளைப் பனியாகப் படியும். உள்ளே க்ளூ வைத்த அன்றே காக்பிட்டை மூடினால் கண்ணாடியின் உட்புறம் வெளுத்துவிடும், பிறகு துடைக்கவே முடியாது. ஓர் இரவு திறந்தே வைத்திருந்து, கண்ணாடியை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள்.

பித்தளைத் துண்டைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்து வெட்டுங்கள். கத்தி அழுத்தும்போது துண்டு துள்ளிப் பறக்கும், ஒரு சாண் தூரத்தில் கண் இருக்கிறது. உருப்பெருக்கியின் கீழ் இடைவெளி உண்டு, அதனால் அதற்குள் பாதுகாப்புக் கண்ணாடியும் போட வேண்டும்.

கொட்டிய சூப்பர் க்ளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கவே கூடாது. பருத்தி பட்டதும் அது சட்டென்று இறுகி, தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். பருத்திச் சட்டையில் சிந்தினாலும் அதேதான். உடனே உடம்பிலிருந்து விலக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண் இமை ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயலாதீர்கள், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். வெதுவெதுப்பான நீரால் நனைத்தபடி மருத்துவமனைக்குப் போங்கள்.

மிஞ்சிய தின்னரைக் குடிநீர் பாட்டிலிலோ 100 பிளஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கிறது. இன்றே அதை நிறுத்துங்கள். வந்த டின்னிலேயே வைத்து, தமிழிலும் மலாயிலும் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டுங்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கில் ஊற்றவும் வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியில் மேலேறும் தின்னர் நுரையீரலுக்குள் போனால் குடித்ததைவிட அதிகச் சேதம் செய்யும். 999-ஐ அழைத்து, டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் தொலைபேசியில் வழிகாட்டும். அதன் எண்ணை மாடல் மேசைக்கு மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.