அது எய்யவில்லை, நீங்கள்தான் மிதித்தீர்கள்

இந்தக் கிழமை இது மூன்றாவது கால். முல்லைத்தீவுக் கரையில் இரவு கடல் அட்டை பிடிக்க இறங்கிய தம்பி. குதிக்காலில் ஏழெட்டுக் கரும்புள்ளிகள், சுற்றிலும் ஊசியால் கிண்டிய காயம், அதன்மேல் எருக்கம்பால். “கடல் முள்ளி எய்துவிட்டது, டொக்டர்” என்றார்.

எய்யாது. முள்ளம்பன்றி எய்யும் என்று கேட்டே வன்னியில் வளர்ந்தோம். அதுவே பொய். அந்தப் பொய்யைக் கடலுக்கும் கொண்டுபோய்விட்டோம். கடல் முள்ளி உடம்பெல்லாம் முள் உள்ள ஒரு கடல் உயிரி. அதன் ஓட்டில் சிறு குமிழ்கள் உண்டு. ஒவ்வொரு முள்ளின் அடியும் நம் இடுப்பு மூட்டைப்போல ஒரு குமிழில் பொருந்தியிருக்கும். சுற்றியுள்ள தசை முள்ளைத் திருப்பும், உள்ளே இருக்கும் இணைப்பு நார் இறுகினால் முள் அப்படியே விறைத்து நிற்கும். முள்ளை எறியும் பொறி எதுவும் அதனிடம் இல்லை. ஆனால் நீண்ட கரிய முள் உள்ள இனம், மேலே நிழல் விழுந்தால் முட்களை அந்தப் பக்கம் திருப்பும். உங்கள் கால் இறங்குகிறது, முள் காலை நோக்கி நிற்கிறது. எய்ததுபோலத் தோன்றுவது இதனால்தான். பகலில் பாறை இடுக்கில் ஒதுங்கியிருப்பது, நீங்கள் இறங்கும் அதே இரவில்தான் குழாய்போன்ற சிறு கால்களாலும் முட்களாலும் ஊர்ந்து மேய வருகிறது. (நீங்கள் தேடிப்போன கடல் அட்டையும் அதன் உறவுக்காரர்தான், அட்டைக் குடும்பம் அல்ல.)

அடுத்தது ஊசி. விளாமுள் முழுதாக வரும். இந்த முள் சுண்ணாம்பு, உள்ளே பொள்ளல். கிண்டினால் சோக்குக்கட்டிபோல நொறுங்கி இன்னும் ஆழப் போகும். கல்லால் தட்டி உடைப்பவர்களிடம் எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. எருக்கம்பால் தோலைத்தான் புண்ணாக்கும். கறுப்பாகத் தெரிவதெல்லாம் முள்ளும் அல்ல. பல இடங்களில் அது வெறும் சாயம், இரண்டு மூன்று நாளில் மறையும்.

வெளியே நீட்டி நிற்பதை மட்டும் சாவணத்தால் நேராக இழுங்கள். காலைச் சுடுநீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். 45 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டாம், குத்தாத கையால் சூடு பார்த்த பிறகே வையுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு நீண்ட நாளாகிவிட்டதா என்று கேளுங்கள். சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்களும், மூட்டருகே குத்தியவர்களும் அன்றைக்கே வாருங்கள். மூச்சு முட்டினால் சுடுநீர் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே வண்டி பிடியுங்கள். மெல்லிய ரப்பர் செருப்பை நம்பிப் பாறையில் கால் ஊன்றாதீர்கள், பிள்ளைகளே. அதை ஊடுருவித்தான் அந்தத் தம்பிக்கும் ஏறியது.

எக்ஸ்ரேயில் மூட்டருகே ஒரு துண்டு தெரிந்தது. சத்திரசிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தேன். கதவுவரை போய்த் திரும்பி, “ஆனாலும் அது எய்ததுதான், டொக்டர்” என்றார்.