வான்கோழி வேட்டைக்குத் துப்பாக்கியில் டேப் சுற்றும் முன்

மார்ச் கடைசியிலிருந்து என் பட்டறைக்கு ஒரே கேள்விதான் வரும். "இருக்கிற ஷாட்கன்னையே இலை நிறத்துக்கு மாற்றிவிடலாமா? செலவு அதிகம் ஆகக் கூடாது." அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பது என் தொழில். ஏப்ரல் மூன்றாம் வாரம் வசந்தகால வான்கோழிப் பருவம் தொடங்கிவிடும், அதற்குள் எல்லாருக்கும் அவசரம். கேட்பவர்களில் இப்போது நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை பெரும்பாலும் நின்றுபோய்விட்டது. அதனால் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கற்றுக்கொண்டு வந்தவர்கள் இவர்களில் யாருமில்லை. வீடியோ பார்த்துத்தான் துப்பாக்கியில் சுற்றும் இலை நிற டேப் வாங்குகிறார்கள். இதை எழுதுவது முக்கியமாக அவர்களுக்காக.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம். ஒருவர் தன் ரெமிங்டன் 870-ஐ உறையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். குழலுக்கு அடியில் இருக்கும் பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா மாற்றும் பம்ப் ஷாட்கன் அது. "பம்ப் சரியாகப் பின்னால் வரவில்லை, இறுக்கமாக இருக்கிறது" என்றார். குழலின் வாயிலிருந்து தோளில் பதியும் கட்டை வரை பசைத் துணி டேப். நேர்த்தியாகத்தான் சுற்றியிருந்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் பம்பின் பிடிக்கும், டிரிக்கருக்கு மேலே இருக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே வெறுமையாகத் தெரியுமே அந்தக் குழாய்ப் பகுதி, அதையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். பம்ப் ஓடவேண்டிய தடமே அதுதான். பிடியைப் பின்னால் இழுத்தால் முக்கால் தூரம் போய் டேப்பில் முட்டி நின்றது.

துப்பாக்கியின் வாயைச் சுவரோரம் இருக்கும் மணல் வாளிக்குத் திருப்பி, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைத் தேடினேன். 870-இல் அது டிரிக்கருக்குப் பின்னால் குறுக்கே போகும் ஒரு பொத்தான். டேப்பின் ஓரம் அதன் மேல் ஏறி, பசை உள்ளே இறங்கி, பாதியில் நின்றிருந்தது. டேப்பை வெட்டியெடுத்து பம்பை முழுதாக இழுத்தேன். பெட்டியிலிருந்து ஒரு தோட்டா தெறித்து மேசையில் உருண்டது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பருவத்தின் கடைசி நாள் வீடு திரும்பும்போது இரண்டு முறை பம்ப் செய்து பார்த்தாராம். எதுவும் வெளியே விழவில்லை, காலி என்று நினைத்துவிட்டார். பம்ப் முழு தூரம் போனால்தான் தோட்டாவை வெளியே தள்ளும். முக்கால் தூரம் போய்த் திரும்பினால், இழுத்த தோட்டாவை மறுபடி குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடும். பெட்டியின் பக்கவாட்டுத் திறப்பிலும் பாதி டேப் மூடியிருந்ததால் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆறு வாரம் அந்தத் துப்பாக்கி படுக்கையறை அலமாரியில் நின்றிருக்கிறது. வீட்டில் ஏழு வயதில் ஒரு மகள்.

வான்கோழியிடமிருந்து துப்பாக்கியை மறைக்கப் போய், அதன் நிலையைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொண்டார். என் மேசைக்கு வரும் டேப் சுற்றிய துப்பாக்கிகளில் பாதிக்குமேல் ஏதோ ஒரு வகையில் இந்தத் தவறுதான்.

சரி, மறைக்கத்தான் வேண்டுமா? வான்கோழியின் மூக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் பலமெல்லாம் கண்ணில். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தை லேசாகத் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும். நிறங்களை நம்மைவிட நுட்பமாகப் பிரித்தறியும், புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியும் அதற்குத் தெரியும். மானுக்கு ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும், வான்கோழிக்கு அது பளிச்சென்று தெரியும். எனவே பளபளப்பு உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான். காலை வெயில் சாய்வாக இறங்கும் நேரத்தில் மெருகேற்றிய குழல் ஒரு சின்னக் கண்ணாடி மாதிரி மின்னும்.

ஆனால் எல்லாத் துப்பாக்கியும் மின்னுவதில்லை. விலை குறைந்த பம்ப் ஷாட்கன்கள் பெரும்பாலும் மங்கலான கறுப்புப் பூச்சோடுதான் வருகின்றன. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. உண்மையில் மின்னுவது வால்நட் மரக்கட்டையும் நீலக் கறுப்பு மெருகும் கொண்ட பழைய, விலை உயர்ந்த துப்பாக்கிகள். அவற்றின் மேல் பெயின்ட் அடிக்க யாராவது கேட்டால் நான் மறுத்துவிடுவேன். அந்த மெருகை மறுபடி கொண்டுவர ஆகும் செலவில் இன்னொரு பழைய துப்பாக்கியே வாங்கிவிடலாம்.

நாற்பது கஜத்துக்குள் பறவையை வரவைத்துச் சுட வேண்டிய வேட்டை இது. அந்தத் தூரத்தில் அதை விரட்டுவது துப்பாக்கியின் நிறத்தைவிட நம் அசைவு. அதிகம் அசைவது முகமும் கையும். கையுறை, முகமூடி இரண்டும் வாங்கிவிட்டு மிச்சப் பணத்துக்கு டேப் வாங்குங்கள். துப்பாக்கியை முழங்காலில் தாங்கி, பறவை வரும் திசைக்கு முன்கூட்டியே திருப்பி வைத்திருந்தால், கடைசி நேரத்தில் தூக்க வேண்டிய வேலையே இல்லை. இதற்கு ஒரு டாலரும் செலவில்லை.

டேப் என்றால் பசை இல்லாமல் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரகத்தை வாங்குங்கள். அடிபட்ட குதிரைக்கால்களில் சுற்றுகிறார்களே, அந்தக் கட்டுத்துணியின் இலை நிற வடிவம்தான் அது. பசை டேப்பை உரிக்கும்போது மிஞ்சும் பிசுக்கை அசிட்டோன் விட்டுத் துடைத்து, மரத்தின் வார்னிஷையும் பிளாஸ்டிக் கட்டையையும் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

சுற்ற உட்காரும் முன் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். பம்பைத் திறந்து, துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். பிறகு பம்ப் பிடிக்கு முன்னால் உள்ள குழலையும், கன்னம் படாத இடம்வரை கட்டையையும் சுற்றினால் போதும். குழலின் மேல் தட்டையான பட்டி இருந்தால் டேப்பை அதற்கு அடியில் நுழைத்துச் சுற்றுங்கள், பட்டியும் நுனி மணியும் வெளியே தெரிய வேண்டும். குறி பார்ப்பது அதை வைத்துத்தான். வாயிலிருந்து நான்கு விரற்கடை விட்டுவிடுங்கள். அங்கே திருகியிருக்கும் சோக், அதாவது ரவைகள் பரவுவதைக் கட்டுப்படுத்தும் சிறு குழாய், தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் விரலால் பார்க்க வேண்டும். தொங்கும் டேப் நுனி எதுவும் வாய்க்கு முன்னால் வரவே கூடாது. பெட்டியை அப்படியே விட்டுவிடுங்கள். மாஸ்பெர்க் 500 வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அதன் சேஃப்டி பெட்டியின் மேல் பின்பக்கம், கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. குழலில் பொறித்திருக்கும் தோட்டா அளவும் பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும். இரண்டே முக்கால் அங்குலமா மூன்று அங்குலமா என்பதை அந்தப் பொறிப்புதான் சொல்லும். வரிசை எண்ணைச் சுரண்டுவதோ அழிப்பதோ கூட்டாட்சிக் குற்றம். பெயின்ட் அடிக்க மேற்பரப்பைத் தேய்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

விசா பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அது ஒரு விதிவிலக்கு. டேப் வாங்குவதற்கு முன்னால் உரிமத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். தலை முதல் கால் வரை இலை நிறம், துப்பாக்கியும் இலை நிறம், வாயில் சேவலை வரவைக்கும் பெட்டைக்கோழியின் குரல். மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரருக்கு நீங்கள் யார்? இந்த வேட்டையில் மனிதரை வான்கோழி என்று நினைத்துச் சுட்டுவிடும் விபத்துகள் நடக்கின்றன. சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருக்கும். அந்த நிறத்தில் சட்டை, தொப்பி, கைக்குட்டை, காலுறை எதுவும் வேண்டாம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். அந்த மரத்தில் ஓர் ஆரஞ்சு நாடாவைக் கட்டுங்கள். நீங்கள் அசையாமல் இருக்கும்வரை நாடாவைக் கண்டு பறவை ஓடிவிடும் என்ற பயம் வேண்டாம் என்பது என் அனுபவம். வேறொருவர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், கோழிக்குரலும் கொடுக்காதீர்கள். அசையாமல் உட்கார்ந்து "இங்கே ஆள் இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுங்கள். அன்றைய பறவை போனால் போகட்டும். சுட்ட பறவையையும் பொம்மைக் கோழியையும் ஆரஞ்சுப் பைக்குள் போட்டுத் தூக்கி வாருங்கள்.

பருவம் முடிந்த அன்றே டேப்பை உரித்துவிடுங்கள். பனியிலும் வியர்வையிலும் நனைந்த துணி குழலோடு ஒட்டிக் கிடந்தால் ஒரு மாதம் போதும். அந்த 870-இல் டேப்பை எடுத்தபோது துணியின் இழைகூட அச்சாகப் பதிந்தாற்போல் பழுப்பாகத் துரு பிடித்திருந்தது. எண்ணெயும் மெல்லிய உருக்குக் கம்பளியும் வைத்து ஒரு மாலை முழுக்கத் தேய்த்தும், நான்கு இடங்களில் குழி அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த ஏப்ரலில் அவர் மறுபடி வந்தார். இந்த முறை குழலின் முன்பாதியில் மட்டும் ஒரு முழ டேப். மேசையில் வைப்பதற்கு முன் பம்பைப் பின்னால் இழுத்து, திறப்பை என் பக்கம் காட்டினார். நான் விரலை விட்டுப் பார்த்தேன், பிறகு அவரும் விரலை விட்டுப் பார்த்தார்.